வொர்க் பர்மிட் முடியப் போகுது, ஏதாவது ஒரு அப்ளிகேஷனப் போட்டுட்டா வேலை பாத்துட்டே இருக்கலாமா?

உங்க கேள்விய சுருக்கிச் சொன்னா இதுதான்: கனடால படிச்சு முடிச்சவங்களுக்குக் குடுக்குற வொர்க் பர்மிட்ல, அதாவது பிஜிடபிள்யூபில வேலை பாக்குறீங்க, இன்னும் நாலு மாசத்துல அது முடியுது, நிரந்தரக் குடியுரிமைக்கு, அதாவது பிஆருக்கு, பாயிண்ட் பாத்து ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரி பூல்ல பேரு இருக்கு ஆனா அப்ளை பண்ணச் சொல்லி இன்விடேஷன் வரல, முடியிற தேதிக்கு முன்னாடி ஏதாவது ஒரு அப்ளிகேஷனப் போட்டுட்டா முடிவு வர்ற வரைக்கும் வேலை பாக்கலாம்னு ரூம்மேட் சொல்றாரு, நடுவுல தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கும் போய்ட்டு வரணும். கனடால இருக்கலாமாங்குறது உங்களுக்கு பெரிய கவலையாத் தெரியல, சம்பளம் ஒரு மாசம் கூட நிக்கக் கூடாது, அதுதான் நீங்க நிஜமா கேக்குறது. இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க, ஏன்னா இருக்குறதுக்கான அனுமதியும் வேலை பாக்குறதுக்கான அனுமதியும் சட்டத்துல ரெண்டு தனித்தனி சமாச்சாரம், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா ஒட்டிக்கிட்டு வராது. நான் பல வருஷமா டொரண்டோ பக்கம் இந்த மாதிரி ஃபைல்களோடயே மாரடிக்கிறவன், ஆனா உங்க பேப்பர் ஒண்ணயும் நான் பாக்கல, அதனால பொதுவா உறுதியா சொல்லக்கூடியது எது, ஆபிசர் கையில இருக்குறது எதுன்னு பிரிச்சு சொல்றேன்.

ரூம்மேட் சொன்னதுல பாதி சரி. முன்னாடி இம்ப்ளைட் ஸ்டேட்டஸ்னு சொல்லுவாங்க, இப்ப மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ்னு பேரு. கையில இருக்குற பர்மிட் முடியிறதுக்குள்ள நீட்டிப்புக்கு அப்ளை பண்ணிட்டா, முடிவு வர்ற வரைக்கும் நாட்டுக்குள்ள இருக்கலாம், இது இமிக்ரேஷன் விதிகள்ல 183வது விதி. வேலை பாக்கலாம்னு சொல்றது வேற விதி, 186. அதுல மூணு விஷயம் சேந்து இருக்கணும்: நீங்க போட்டது வொர்க் பர்மிட் அப்ளிகேஷனா இருக்கணும், பழைய பர்மிட் முடியிறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும், முடிஞ்ச பிறகு கனடாவ விட்டு வெளிய போகாம பழைய பர்மிட்ல போட்டிருந்த கண்டிஷன்களுக்கு உட்பட்டே இருக்கணும். ஆக "ஏதாவது ஒரு அப்ளிகேஷன்"ங்குறதுல தான் கோளாறு. விசிட்டரா தங்குறதுக்கான விசிட்டர் ரெக்கார்டுக்குப் போட்டீங்கன்னா இருக்கலாம், ஆனா பர்மிட் முடியிற அன்னைக்கே வேலைய நிறுத்தியாகணும். ஸ்டடி பர்மிட்டுக்குப் போட்டாலும் அதே கதை, அதுவும் படிப்பக்கூட பர்மிட் கைக்கு வந்த பிறகு தான் ஆரம்பிக்க முடியும். ஏதோ ஒரு காலேஜ்ல சீட்டு வாங்கி ஸ்டடி பர்மிட் போட்டுட்டு வேலைக்கும் போய்ட்டிருக்குறவங்கள நான் பாத்திருக்கேன், அவங்க அனுமதி இல்லாத வேலை பாக்குறோம்னே தெரியாம பாத்துட்டு இருக்காங்க.

உங்களுக்கு இதுல ஒரு சாதகம் என்னன்னா பிஜிடபிள்யூபி ஓப்பன் பர்மிட். முடியிறதுக்குள்ள வேற வகை வொர்க் பர்மிட்டுக்கு, அது ஒரே முதலாளிக்கான க்ளோஸ்டு பர்மிட்டாவே இருந்தாலும், ஒழுங்கா அப்ளை பண்ணிட்டா முடிவு வர்ற வரைக்கும் பழைய கண்டிஷன் தான் தொடரும், அதாவது ஓப்பனாவே இருக்கும், யாருகிட்ட வேணும்னாலும் வேலை பாக்கலாம். க்ளோஸ்டு பர்மிட்ல இருக்குற உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது இத படிச்சா, அவங்களுக்கு இது பொருந்தாது, பர்மிட்ல எந்த முதலாளி எந்த வேலைன்னு போட்டிருக்கோ அதத்தான் தொடர முடியும், புது ஆபிஸ்ல சேரணும்னா அதுக்குன்னு ஒரு தனி பாலிசி இருக்கு, தனியா கேட்டு ஓகேன்னு பதில் வந்த பிறகு தான் காலடி வைக்கணும்.

சரி, அப்ப ஏதாவது ஒரு வொர்க் பர்மிட் அப்ளிகேஷன், 155 டாலர் கட்டி சும்மா போட்டு வச்சா? இததான் நிறைய பேர் காதோட காதா சொல்லிக்கிட்டு திரியிறாங்க. பிஜிடபிள்யூபிய ரினியூ பண்ண முடியாது, ஆயுசுக்கு ஒரு தடவ தான். ஒரே ஒரு விதிவிலக்கு, உங்க படிப்புக்கு மூணு வருஷம் கிடைச்சிருக்கணும் ஆனா பாஸ்போர்ட் சீக்கிரம் முடியிறதால அந்த தேதியோட வெட்டிக் குடுத்திருந்தாங்கன்னா, பாஸ்போர்ட் புதுப்பிச்சுட்டு மீதி காலத்துக்குக் கேக்கலாம். முதல்ல போய் அத பாருங்க, பர்மிட் முடியிற தேதியும் பழைய பாஸ்போர்ட் முடியிற தேதியும் ஒண்ணா இருந்தா உங்க பிரச்சனைல பாதி இன்னைக்கே தீந்துச்சு, இத கவனிக்காமயே ஏஜென்ட் கிட்ட காசு கட்டுனவங்க இருக்காங்க. 2021, 2022, 2023ல எல்லாம் ஸ்பெஷலா நீட்டிச்சுக் குடுத்தாங்களே, இந்த தடவையும் வரும்னு காத்திருக்கவும் வேணாம், 2023 டிசம்பர்லயே அப்போதைய இமிக்ரேஷன் மினிஸ்டர் மார்க் மில்லர் இனிமே நீட்டிக்கிறதா இல்லன்னு சொல்லிட்டாரு, அதுக்கு அப்புறம் டெம்பரரியா இருக்குறவங்க எண்ணிக்கைய குறைக்கிறது தான் சர்க்காரோட போக்கு.

அதனால ஆதாரமே இல்லாத அப்ளிகேஷனப் போட்டா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, ஃபார்ம் ஃபீஸ் எல்லாம் சரியா இருந்து ஆபிசர் எடுத்துப் பாத்து ரெஃப்யூஸ் பண்ணுவாரு, அந்த முடிவு வந்த அன்னைக்கு வரைக்கும் நீங்க பாத்த வேலை செல்லும், அன்னையோட அனுமதி முடிஞ்சுது. ரெண்டாவது தான் பயங்கரம், வேணுங்குற டாக்குமெண்ட் இல்ல, முழுமையா இல்லன்னு அப்ளிகேஷனையே திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, சட்டத்தோட பார்வைல நீங்க அப்ளையே பண்ணல. பழைய பர்மிட் முடிஞ்ச நாள்லேர்ந்து ஸ்டேட்டஸே இல்ல, நடுவுல பாத்த வேலை முழுக்க அனுமதி இல்லாத வேலை ஆயிடும், அதுக்குள்ள நாலஞ்சு மாசம் ஓடியிருக்கும். எந்த அப்ளிகேஷன ரெஃப்யூஸ் பண்றாங்க எத திருப்பி அனுப்புறாங்கங்குறது ஃபைலுக்கு ஃபைல் மாறுது, இத நான் இல்ல யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, சொல்றேங்குறவர நம்பாதீங்க. இன்னொண்ணு, ரெஃப்யூசல் வாங்குனா அது பின்னால போடுற ஒவ்வொரு ஃபார்ம்லயும் "இதுக்கு முன்னாடி மறுக்கப்பட்டிருக்கா"ங்குற கேள்விக்கு ஆமான்னு எழுத வேண்டிய விஷயம், மறைச்சா தவறான தகவல்னு சொல்லி அஞ்சு வருஷத் தடை வரைக்கும் போகும். நேரத்த ஓட்டுறதுக்காக வெத்து அப்ளிகேஷன் போடுங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. போடுறவங்க போட்டுக்கிட்டு தான் இருக்காங்க, சிலருக்கு ஓடியும் போகுது, அதுக்காக அது நல்ல யோசனை ஆயிடாது.

அப்ப நிஜமான ஆதாரம் எதெல்லாம்னு பாப்போம். உங்க நிலைமைக்கு ரொம்ப சரியானது பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பர்மிட். பேருக்கேத்த மாதிரி பிஜிடபிள்யூபிக்கும் பிஆருக்கும் நடுவுல பாலம். ஆனா அதுக்கு இன்விடேஷன் மட்டும் போதாது, பிஆர் அப்ளிகேஷனயே சப்மிட் பண்ணி, அப்ளிகேஷன் கிடைச்சுதுன்னு சொல்ற ஏஓஆர் லெட்டர் வந்து, அப்ளிகேஷன் முழுமையா இருக்குங்குற செக்கிங்க தாண்டியிருக்கணும். இன்விடேஷன் வந்தா 60 நாள் டைம் இருக்குன்னு நிதானமா இருக்காதீங்க, உங்களுக்கு அந்த 60 நாள் கணக்கு கிடையாது, பர்மிட் தேதி தான் கணக்கு. இன்விடேஷன் வர்றதுக்கு முன்னாடியே முடிக்கக்கூடிய வேலைய முடிச்சு வைங்க, ஊர்லேர்ந்து வாங்க வேண்டிய போலீஸ் சர்டிஃபிகேட், வேலை பாத்த ஒவ்வொரு இடத்துலயும் வேலை நேரம் சம்பளம் பொறுப்பு எல்லாம் எழுதின லெட்டர், இதெல்லாம் தான் இழுத்தடிக்கும். 2025 ஆகஸ்ட் 21லேர்ந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரில மெடிக்கலும் அப்ளிகேஷனோடயே சேத்து போடணும், அதனால டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட்டும் கணக்குல வரும். எல்லாம் ரெடியா இருந்தா இன்விடேஷன் வந்த ஒரு வாரத்துல சப்மிட் பண்ணிடலாம், இல்லன்னா பர்மிட் முடியிற வாரத்துல போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணிட்டு இருப்பீங்க.

பிராவின்ஸ் நாமினேஷன் இன்னொரு வழி. நாமினேஷன் வந்தா 600 பாயிண்ட் கூடும், எக்ஸ்பிரஸ் என்ட்ரில இன்விடேஷன் கிட்டத்தட்ட உறுதி, தவிர சில பிராவின்ஸ் நாமினேட் பண்ணவங்களுக்கு வொர்க் பர்மிட்டுக்கே ஒரு சப்போர்ட் லெட்டர் குடுக்குறாங்க, அத வச்சு எல்எம்ஐஏ (கனடா ஆள் கிடைக்கலன்னு முதலாளி வாங்குற பேப்பர், அடுத்து சொல்றேன்) இல்லாமயே உங்க முதலாளிகிட்ட தொடரலாம். உங்க பிராவின்ஸ்ல அது இருக்கான்னு அவங்க சைட்லயே போட்டிருப்பாங்க, உங்க மேனேஜர் கிட்ட இந்த வாரமே பேசுங்க, ஏன்னா நிறைய ஸ்ட்ரீம்ல முதலாளியும் பேப்பர் போட வேண்டியிருக்கு, உங்க அவசரம் எச்ஆருக்குப் புரியாது, அவங்களுக்கு அது ஒரு டிக்கெட் அவ்வளவு தான்.

எல்எம்ஐஏ பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா இதுல தான் நம்ம ஆளுங்க நிறைய காசு விடுறாங்க. இந்த வேலைக்கு கனடா ஆள் கிடைக்கலன்னு முதலாளி நிரூபிச்சு வாங்குற பேப்பர் இது. ஒரு பொசிஷனுக்கு 1000 டாலர் ஃபீஸ், அத கட்ட வேண்டியது முதலாளி, தொழிலாளி கிட்ட வாங்குறது சட்டப்படி தப்பு, நேரா வாங்குனாலும் சம்பளத்துல புடிச்சாலும். யாராவது பல ஆயிரம் டாலர் குடு எல்எம்ஐஏ ரெடி பண்றேன்னா அது விக்கிற பேப்பர், பின்னால முதலாளி மேல விசாரணை வந்தா உங்க பர்மிட்டும் சேந்து மாட்டும். முன்னாடி அத வாங்குனதுக்கு ஒரு காரணமாவது இருந்துச்சு, எக்ஸ்பிரஸ் என்ட்ரில ஜாப் ஆஃபருக்கு பாயிண்ட் குடுத்தாங்க, 2025 மார்ச் 25லேர்ந்து அந்த பாயிண்ட்டையே தூக்கிட்டாங்க, இப்ப அது வேலையத் தொடர்றதுக்கு மட்டும் தான் உதவும். சம்பளமும் ஒரு முட்டுக்கட்ட: பிராவின்ஸோட அளவுக்குக் கீழ சம்பளம் இருந்தா லோ வேஜ்னு எடுத்துக்குறாங்க, ஒண்டாரியோல 2025 ஜூன் கடைசில அந்த அளவு மணிக்கு 36 டாலர்னு வச்சாங்க. வேலையில்லாத் திண்டாட்டம் 6 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்குற பெரிய நகரங்கள்ல, ஒருசில துறைகள தவிர, லோ வேஜ் எல்எம்ஐஏவ 2024 செப்டம்பர் 26லேர்ந்து எடுத்துக்குறதே இல்ல, அந்த நகரங்களோட லிஸ்ட்ட மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துறாங்க. ஆக உங்க சம்பளம் அந்த அளவத் தாண்டி இருந்து, கம்பெனியும் மனசு வச்சா மட்டும் இதுல இறங்குங்க, அதுவும் இப்பவே, ஏன்னா வேலைக்கு விளம்பரம் குடுத்து ஆள் தேடின கணக்கக் காட்டணும், அதுக்கே வாரக்கணக்குல ஆகும், எல்எம்ஐஏ கைல இல்லாம அதுக்கான வொர்க் பர்மிட்டப் போடுறதுல அர்த்தமே இல்ல.

பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு கியூபெக்குக்கு வெளிய ஃபிராங்கோஃபோன் மொபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு, எல்எம்ஐஏ வேண்டாம், பேசுறதுலயும் கேட்டுப் புரிஞ்சுக்குறதுலயும் லெவல் 5 போதும், முதலாளி ஆன்லைன்ல ஆஃபரப் போட்டு 230 டாலர் கட்டணும். புதுச்சேரில பிரெஞ்சு மீடியத்துல படிச்சவங்க சில பேர் இத யோசிக்கவே இல்லாம உக்காந்திருக்காங்க. இப்ப புதுசா ஆரம்பிச்சு நாலு மாசத்துல அந்த லெவல் வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகியிருந்தா மனைவியோட வேலைய வச்சு ஓப்பன் பர்மிட் கேக்கலாம், ஆனா 2025 ஜனவரி 21லேர்ந்து அது சுருங்கிடுச்சு, அவங்க மேல் மட்ட வேலைல இல்ல குறிப்பிட்ட சில தொழில்ல இருக்கணும், அப்ளை பண்ற அன்னைக்கு அவங்க பர்மிட்ல 16 மாசமாவது மீதி இருக்கணும்.

அடுத்து ஒரு தப்புக் கணக்க சொல்லிடுறேன். "முதல்ல ஒண்ண போட்டு வச்சுப்போம், அது ஓடிட்டு இருக்கும்போது ஏஓஆர் வந்தா பிரிட்ஜிங்க மேல போட்டுப்போம், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்"னு ஒரு ஃபார்முலா சுத்துது. பழைய பர்மிட் உயிரோட இருக்கும்போது போட்ட அப்ளிகேஷன் தான் உங்கள தாங்கிட்டு இருக்கு. பர்மிட் முடிஞ்ச பிறகு போட்ட ரெண்டாவதுக்கு அந்த பலம் கிடையாது, முதல் அப்ளிகேஷன் ரெஃப்யூஸ் ஆன அன்னைக்கே மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ் முடிஞ்சுது, 2025 மே மாசம் கனடாவோட இமிக்ரேஷன் துறையான ஐஆர்சிசி இத தெளிவாவே எழுதிட்டாங்க. முதல் அப்ளிகேஷன் உயிரோட இருக்கும்போதே ரெண்டாவதுக்கு அப்ரூவல் வந்துட்டா தப்பிச்சீங்க, அது டைமிங், யார் கையிலயும் இல்ல.

கல்யாணத்துக்கு வர்றேன். பர்மிட் உயிரோட இருக்கும்போதே போய்ட்டு, அது முடியிறதுக்குள்ள திரும்பி வந்துடுங்க, வந்து அப்ளை பண்ணுங்க, இதுல குழப்பமே இல்ல. பர்மிட் முடிஞ்சு மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ்ல இருக்கும்போது கிளம்புனா, "கனடாவ விட்டுப் போகாம இருக்கணும்"ங்குற கண்டிஷன் உடைஞ்சுடும், திரும்பி வந்தாலும் புது பர்மிட் கிடைக்கிற வரைக்கும் வேலை பாக்க முடியாது, விசிட்டரா உள்ள விடுறதும் ஏர்போர்ட் ஆபிசர் இஷ்டம். அதுக்கு மேல, இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வச்சிருக்குறவங்களுக்கு உள்ள வர பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்குற விசா வேணும், அது வேற வொர்க் பர்மிட் வேற, பர்மிட் நல்லா இருந்து விசா முடிஞ்சு போய் சென்னைல மாட்டிக்கிட்டவங்க கதை நிறைய. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கர்ல தேதியப் பாருங்க. பார்டர் வரைக்கும் போய் உடனே திரும்பி அங்கயே பர்மிட் வாங்குறதும் இப்ப இல்ல, 2024 டிசம்பர் 23ஓட அத நிறுத்திட்டாங்க, பழைய வீடியோவப் பாத்துட்டு நயாகரா பக்கம் காரத் திருப்பிடாதீங்க.

ஒருவேளை எல்லாம் கைய விட்டுப் போய் தேதி தாண்டிடுச்சுன்னா, ஸ்டேட்டஸ் போன நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள ரெஸ்டொரேஷன், அதாவது போன ஸ்டேட்டஸ திரும்பக் குடுங்கன்னு கேக்கலாம், இருநூத்தி சொச்சம் டாலர், அது போக பர்மிட் ஃபீஸ். அந்த நேரத்துல நாட்டுக்குள்ள இருக்கலாம், வேலை ஒரு மணி நேரம் கூட பாக்கக் கூடாது, கேஷ்ல குடுத்தாலும் சரி, வீட்லேர்ந்து லேப்டாப்ல பாத்தாலும் சரி. அனுமதி இல்லாம பாத்தது தெரிஞ்சா, விதிவிலக்குகள் தவிர, வேலைய நிறுத்தி ஆறு மாசம் ஆகுற வரைக்கும் புது வொர்க் பர்மிட் குடுக்க மாட்டாங்க. பிஆருக்கு கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்னு காட்டவும் அந்த மாசங்கள் செல்லாது. ஒழுங்கா மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ்ல பாத்த வேலை செல்லும், பல பேருக்கு அதுல தான் ஒரு வருஷக் கணக்கே முழுசாகுது.

கடைசியா சில்லறை வேலைகள், சில்லறைன்னு விட்டா பெருசா கடிக்கும். ஐஆர்சிசி சொல்றது முடியிறதுக்கு 30 நாளாவது முன்னாடி அப்ளை பண்ணுன்னு, கடைசி ராத்திரி வெப்சைட் தொங்கும், கார்டு டிக்லைன் ஆகும். அதுக்கும் முன்னாடி பாஸ்போர்ட்ட புதுப்பிச்சுடுங்க, இந்தியர்களுக்கு பிஎல்எஸ்ங்குற தனியார் சேவை மையம் மூலமா போகுது, பாஸ்போர்ட் தேதிக்கு மேல பர்மிட் குடுக்க மாட்டாங்க. சப்மிட் பண்ணின கன்ஃபர்மேஷன், ஃபீஸ் ரசீது, அனுப்புன ஒவ்வொரு ஃபைலோட காப்பி, எல்லாத்தையும் தனியா எடுத்து வைங்க. ஆன்லைன்ல போட்டா டபிள்யூபி எக்ஸ்டென்ஷன் லெட்டர்னு ஒண்ணு வரும், நீங்க தொடர்ந்து வேலை பாக்கலாம்னு முதலாளிக்குக் காட்ட, அதுல ஒரு தேதி போட்டிருக்கும், அந்த தேதி தாண்டினாலும் முடிவு வர்ற வரைக்கும் உங்க அனுமதி தொடருது, ஆனா எச்ஆர்ல இருக்குறவங்க அந்த தேதியப் பாத்து பயந்து சம்பளத்த நிறுத்துன கேஸ் உண்டு, அதனால ஐஆர்சிசி பக்கத்துல இருக்குற விளக்கத்த பிரிண்ட் எடுத்து முன்கூட்டியே குடுத்துடுங்க. வேலைக்கும் வரிக்கும் குடுக்குற உங்க சின் நம்பர் 9ல ஆரம்பிக்கும், அதுக்கும் பர்மிட் தேதியே தான், புது பர்மிட் வந்ததும் சர்வீஸ் கனடால மாத்தணும்.

யாருகிட்டயாவது காசு குடுத்து ஃபைல் போடுறதா இருந்தா, அவரு வக்கீலா இருக்கணும், இல்ல இமிக்ரேஷன் கன்சல்டன்ட் காலேஜ்ல (பேரு தான் காலேஜ், கன்சல்டன்ட்டுகள கட்டுப்படுத்துற அமைப்பு) லைசன்ஸ் வச்சிருக்கணும், அந்த காலேஜ் சைட்ல பேர் போட்டு நீங்களே தேடிப் பாக்கலாம். உங்க பர்மிட்டோட ரெண்டு தேதி, பாஸ்போர்ட் தேதி, சம்பளம், பிராவின்ஸ், எக்ஸ்பிரஸ் என்ட்ரி பாயிண்ட்டான சிஆர்எஸ் ஸ்கோர், இவ்வளவையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, ஒரு மணி நேர ஆலோசனைல எந்த வழி உங்களுக்கு திறந்திருக்குன்னு தெரிஞ்சுடும். பாஸ்போர்ட் தேதியால உங்க பர்மிட் வெட்டப்பட்டிருந்தா அத மட்டும் எனக்கு பதில்ல சொல்லுங்க, அப்ப இந்த எல்எம்ஐஏ பேச்சுக்கே தேவை இருக்காது.